பகல் ரயில்ல ஒரு தடவை போங்க

லீவுக்கு ஊருக்குப் போற அப்பா அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போறதா இருந்தா ஒரு தடவையாவது பகல் ரயில்ல போங்க. போக வர ரெண்டு தடவையும் வேணாம். ஒரு வழி போதும்.

சென்னையிலிருந்து தெற்கே போற குடும்பம் அத்தனைக்கும் பழக்கம் ஒண்ணுதான். ஆபீஸ்லேருந்து அரக்கப் பரக்க ஓடி வந்து, நெல்லையோ பாண்டியனோ முத்துநகரோ பொதிகையோ பிடிச்சு, ஏறின உடனே இட்லிப் பொட்டலத்தைப் பிரிச்சு, ஒன்பது மணிக்கு லைட்டை அணைச்சுப் படுத்தா விடிஞ்சதும் ஊர். ஒரு நாள் லீவு மிச்சம். எங்க வீட்டு ரங்கமணிக்கு இது கிட்டத்தட்ட ஒரு கொள்கை. பகல்ல ரயில்ல உக்காந்திருக்கறது அவரைப் பொறுத்தவரை சம்பளத்தை ஜன்னல் வழியா வீசறது மாதிரி.

ஆனா பாருங்க, இப்படிப் போய்ப் போய் என்ன ஆச்சுன்னா, ரெண்டாங்கிளாஸ் படிக்கற என் சின்னவன் ஸ்கூல்ல "எங்கள் ஊர்"னு ஒரு படம் வரைஞ்சான். எங்க வீடு, பக்கத்துல ஸ்கூல், அதுக்குப் பக்கத்துல தாம்பரம் ஸ்டேஷன், அதை ஒட்டி பாளையங்கோட்டை ஆச்சி வீடு! அறுநூறு கிலோமீட்டருக்கு மேல இருக்கற தூரம் அவன் கணக்குல ஒரு விரக்கடை. தப்பு அவன் மேல இல்லை. ஒரு முனையில தூங்கி இன்னொரு முனையில எழுந்திரிச்சா நடுவுல இருக்கற நாடு எப்படித் தெரியும்?

பெரியவ ஆறாங்கிளாஸ். தமிழ்நாட்டு ஆறுகள்னு கேட்டா மூச்சு விடாம ஒப்பிப்பா. முழு மார்க். அதுல முக்கால்வாசி ஆறுகளை அவ பிறந்ததுலேருந்து இருபது தடவையாவது தாண்டியிருக்கா. அத்தனையும் அப்பர் பெர்த்துல குறட்டை விட்டுக்கிட்டு.

அதனாலதான் போன காலாண்டு லீவுக்கு ஒத்தைக் கால்ல நின்னேன். பகல் வண்டி. குருவாயூர் எக்ஸ்பிரஸ். காலையில ஏறினா ராத்திரி திருநெல்வேலி. "ஒரு நாள் முழுக்க ரெண்டு வாண்டுகளையும் வெச்சுக்கிட்டு உன்னால முடியுமா?"ன்னு கேட்டார். "நாலு பேரும்தானே போறோம், அது என்ன 'உன்னால'?"ன்னு கேட்டேன். அதுக்கு மேல பேச்சு இல்லை :-)

செங்கல்பட்டுல கொளவாய் ஏரியைப் பார்த்ததும் சின்னவன் "கடல்!"னு கத்தினான். அதைத் தாண்டி பாலாறு வந்தப்போ ரெண்டு பேருக்கும் ஏமாற்றம். கண்ணுக்கெட்டின தூரம் மணலும் புல்லும்தான். "தண்ணி எங்கம்மா?" நம்ம தாம்பரத்துக் குழாயில வர்ற தண்ணியில ஒரு பங்கு இந்த மணலுக்கு அடியிலேருந்துதான் வருதுன்னு சொன்னேன். பெரியவ கொஞ்ச நேரம் மணலையே பார்த்துக்கிட்டிருந்தா. "அப்ப மணலை அள்ளிட்டா?"ன்னா. புஸ்தகத்துல பாலாறுன்னு படிச்ச பிள்ளைக்கு இந்தக் கேள்வி வரலை, ஜன்னல்லதான் வந்துச்சு.

விழுப்புரம் தாண்டி தென்பெண்ணை, விருத்தாசலம் தாண்டி வெள்ளாறு. நடுவுல எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு, ஒரு சண்டை. உண்மையைச் சொல்லணும்னா, விருத்தாசலத்துக்கு அப்புறம் ரெண்டும் "போரடிக்குது"ன்னு ஆரம்பிச்சுடுச்சு. அரை மணி நேரம் போனைக் கொடுத்தேன். பகல் ரயில்ல போனா பிள்ளைங்க போனைத் தொடாம இயற்கையை ரசிக்கும்னெல்லாம் நான் சொல்ல வரலை. போரடிக்கத்தான் செய்யும். அவ்வளவு தூரம் இருக்குங்கறது அந்தப் போரடிப்புலதான் தெரியும்.

அரியலூர் தாண்டினதும் மருதையாறு. பார்க்கறதுக்குச் சின்ன ஆறுதான். போனை வாங்கி வெச்சுட்டு 1956 நவம்பர் 23 பத்திச் சொன்னேன். விடியற்காலை, வெள்ளம், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் இந்த ஆத்துல விழுந்து நூத்துக்கும் மேல ஜனங்க போயிட்டாங்க. ரயில்வே மந்திரியா இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேத்துக்கிட்டு ராஜினாமா பண்ணினார். க்விஸ்ல வர்ற கேள்விதான் இது, பெரியவளுக்கு சாஸ்திரி பேர் முன்னாடியே தெரியும். ஆனா அவ கேட்டது சாஸ்திரியைப் பத்தி இல்லை. "தூத்துக்குடி வண்டின்னா நம்ம ஊர்ப்பக்கத்து ஆளுங்களாம்மா அதுல இருந்தாங்க? நம்மள மாதிரி தூங்கிட்டா போனாங்க?"

ஆமான்னேன். வேற என்ன சொல்றது.

அப்புறம் கொள்ளிடம். அங்கே வந்ததும் ரெண்டு பேரும் ஜன்னலுக்கு அடிச்சுக்கிட்டாங்க. பாலம் முடியவே மாட்டேங்குது, அவ்வளவு அகலம். மணலுக்கு நடுவுல தண்ணி பட்டையா ஓடுது. உடனே ஸ்ரீரங்கம், 1987ல கட்டி முடிச்ச ராஜகோபுரம், பதிமூணு நிலையையும் சின்னவன் எண்ண முயற்சி பண்ணி ஏழுல விட்டுட்டான். அது தாண்டி மறுபடி ஒரு ஆறு! இது காவிரி. ரெண்டு ஆத்துக்கும் நடுவுல இருக்கறதால ஸ்ரீரங்கம் ஒரு தீவுன்னு பெரியவளே தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தா. பாடத்துல படிச்சதுதான், ஆனா சொல்றப்போ என்னமோ அவளே கண்டுபிடிச்ச மாதிரி ஒரு மிதப்பு.

மணப்பாறையில முறுக்கு (2023ல புவிசார் குறியீடு வாங்கின முறுக்காக்கும்!), திண்டுக்கல்லுக்கு அப்புறம் இடது பக்கம் சிறுமலை, இருட்டறதுக்குள்ள வைகை. சாத்தூர்ல வைப்பாறு வந்தப்போ இருட்டிடுச்சு, பாலத்துச் சத்தம் மாறினதை வெச்சே சின்னவன் "ஆறு!"ன்னான். கோவில்பட்டியில கடலைமிட்டாய். ரங்கமணிதான் இறங்கிப் போய் வாங்கிட்டு வந்தார்.

தாமிரபரணி மட்டும் ரயில்ல வராது. ஜங்ஷன்ல இறங்கி ஆட்டோல பாளையங்கோட்டை போறப்போ சுலோச்சன முதலியார் பாலத்துலதான் தாண்டணும். 1843ல அந்த மனுஷர் சொந்தக் காசைப் போட்டுக் கட்டின பாலம். ஆட்டோக்காரர்தான் பிள்ளைங்களுக்குச் சொன்னார், நான் வாயே திறக்கலை.

வீட்டுக்குப் போனதும் எங்க அம்மா, "ஏட்டி, பிள்ளையள பகல் பூரா வெயில்ல வாட்டிக் கூட்டியாந்திருக்கியே"ன்னு ஆரம்பிச்சாங்க. அப்பா எப்பவும் போல "என்னல, வழியில என்ன பாத்த?"ன்னு கேட்டார். ஒவ்வொரு தடவையும் இதைத்தான் கேட்பார், பேரப்பிள்ளைங்க "தூங்கிட்டோம் தாத்தா"ன்னு சொல்லிட்டு டிவி முன்னாடி போய் உக்காந்துடும். இந்தத் தடவை ரெண்டும் மாத்தி மாத்தி ஒரு மணி நேரம் பேசிச்சுங்க. மருதையாறுன்னு பெரியவ சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்போ அவர் ஒண்ணாங்கிளாஸாம். அவங்க தெருவுல ஒரு வீட்டுக்காரங்க, அந்த ரயில்ல வரவேண்டிய ஆள் பத்தி எந்தச் சேதியும் வராம ரெண்டு நாள் வாசத் திண்ணையிலேயே உக்காந்திருந்தாங்களாம். வந்துச்சா தாத்தா, சேதி வந்துச்சான்னு இவ கேட்க, "வந்துச்சு"ன்னு மட்டும் சொன்னார்.

எங்க அப்பாவுக்கு மகளா இத்தனை வருஷம் இருக்கேன், இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. நானும் எத்தனையோ தடவை அந்தப் பாலத்து மேல தூங்கிக்கிட்டே போனவதான்.

இதுக்கு எதிர்ப்பேச்சு இருக்கு, தெரியும். எல்லாருக்கும் ஒரு நாள் லீவு கிடைக்காது. தினக்கூலிக்காரருக்கு ஒரு பகல்னா ஒரு நாள் சம்பளம். அன்ரிசர்வ்டுல கால் வைக்க இடமில்லாம போறவங்ககிட்ட ஜன்னல் வழியா ஆறு பாருன்னு சொல்ற அளவுக்கு எனக்குத் திமிர் இல்லை. நான் சொல்றது லீவும் இருந்து, டிக்கெட்டுக்குக் காசும் இருந்து, "டைம் வேஸ்ட்"னு சொல்றவங்களுக்கு மட்டும். வருஷம் பூரா பிள்ளைங்களோட நேரம் செலவழிக்க முடியலையேன்னு புலம்பறதும் நாமதான், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எங்கேயும் ஓட முடியாம அதுங்க பக்கத்துல உக்கார வாய்ப்பு கிடைச்சா வேஸ்ட்னு சொல்றதும் நாமதான். இன்னும் நாலஞ்சு வருஷம் போனா பெரியவ நம்மகூட ஊருக்கு வருவாளாங்கறதே சந்தேகம். டியூஷன், பப்ளிக் எக்ஸாம், அப்புறம் காலேஜ்.

வந்தே பாரத் இருக்கேன்னு கேட்பீங்க. 2023 செப்டம்பர்லேருந்து ஓடுது, எட்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம், அதுவும் பகல்தான். தாராளமா போங்க. எனக்கு என்னவோ திறக்கற ஜன்னல்தான் பிடிக்குது, விலையும் கட்டுப்படியாகுது. அஞ்சு வயசுலேருந்து பன்னிரண்டுக்குள்ள இருக்கற பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்டா 2016லேருந்து முழு டிக்கெட்தான். பகல்ல பெர்த் எதுக்கு? ஸ்லீப்பர்ல பெர்த் வேணாம்னு சொன்னா அரை டிக்கெட் போதும், நம்ம கூடவே உக்காந்துக்கும்.

2024 நவம்பர்லேருந்து அறுபது நாள் முன்னாடிதான் புக்கிங் திறக்குது. பண்டிகை நாள்னா அன்னிக்குக் காலையிலேயே உக்காந்துடுங்க. தண்ணி நிறைய எடுத்துக்கங்க, ஒரு பழைய துண்டு ஜன்னல் வெயிலுக்குக் கட்ட உதவும். மே மாசம் மட்டும் வேணாம், எங்க அம்மா சொன்னது அதுல சரிதான்.

முழுப்பரீட்சை லீவுக்கு ரங்கமணி பிளான் போட்டாச்சு. போறது ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸாம், வர்றது பகல் வண்டியாம். ஏப்ரல் கடைசிதானே, மே இல்லையேன்னு விளக்கம் வேற :-)