கடைமடை வீடுகள்



மேட்டூர் அணையின் மதகுகளை ஜூன் 12-ஆம் நாள் திறப்பது மரபு. மறுநாளே, இத்தனை கன அடி என்று நாளிதழில் கணக்கு வந்துவிடும். ஆயினும் அந்நீர் கல்லணையை அடைந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, கிளை வாய்க்கால்களெல்லாம் கடந்து கடைமடை வயலில் ஏறப் பல நாட்கள் ஆகும். சில ஆண்டுகளில் ஏறாமலே போவதும் உண்டு. அன்பியப் பொறுப்பாளர் சிலர் நம்மிடம் வந்து, கூட்டத்தைச் சிறப்பாக நடத்தும் முறைகளை எழுதுமாறு வேண்டியபோது, கடைமடையே நம் நினைவிற்கு வந்தது.

கூட்டம் நடத்துவது கடினமன்று. இருபது முப்பது குடும்பங்கள், வாரமொரு வீடு, ஒரு விளக்கு, ஒரு விவிலியம். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் வகுத்த ஏழு படி விவிலியப் பகிர்வு முறை நம் பங்குகளில் பலருக்கும் பழக்கமானதே. கூடுவோருக்கு ஞானப் பராமரிப்பு செய்வதுதான் கடினம். அதற்கு நம் மண்ணிலேயே முன்னோடிகள் உளர்.

கொள்ளிடத்திற்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர், 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், உபதேசியார்களுக்கென்றே ஒரு நூல் செய்தார். அக்காலத்தில் குருவானவர் ஒரு சிற்றூருக்கு எப்போதோ ஒருமுறைதான் வர இயலும். இடைப்பட்ட காலமெல்லாம் செபம் சொல்லிக் கொடுத்ததும், நோயாளியின் அருகிருந்ததும், சாகும் தறுவாயிலிருந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் உபதேசியாரே. அந்நூலுக்கு முனிவர் இட்ட பெயர் 'வேதியர் ஒழுக்கம்'. 'வேதியர் கடமை' என்றோ 'வேதியர் அறிவு' என்றோ அவர் பெயரிடவில்லை. வழிநடத்துகிறவனின் வாழ்வே முதலில் கவனிக்கப்பட வேண்டும் என்று அவர் கருதினார் போலும்.

நாம் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில், மாதிரி அன்பியம் என்று நாமே பேரவையில் பாராட்டிய அன்பியம் ஒன்றிருந்தது. பொறுப்பாளர் ஓய்வு பெற்ற ஆசிரியர், நேர்மையாளர். வருகைப் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் இராது. அந்தப் பதிவேட்டைக் கையில் உயர்த்திக் காட்டி, மற்ற அன்பியத்தார்க்கு நாம் அறிவுரை கூறியதும் உண்டு. இன்று நினைத்தால் நாணுகிறோம்.

ஒரு நாள் அத்தெருவில் ஒரு முதியவருக்கு நோயில்பூசுதல் கொடுத்துத் திரும்புகையில், அடுத்த வீட்டு வாசலில் நின்ற பெண்மணி நம்மைக் கண்டதும் உள்ளே சென்று மறைந்தார். நாமாகவே சென்று விசாரித்தோம். குத்தகை நிலத்தில் சம்பா கதிர் முற்றிய வேளையில் பெய்த மழையில் பயிர் சாய்ந்து, நெல் முளைத்துவிட்டதாம். தாலிக்கொடி முதல் யாவும் அடகுக் கடையில். நான்கு மாதமாக அவர்கள் அன்பியத்திற்கு வரவில்லை.

"கூட்டத்திற்கு வருவதற்கென்னம்மா, காசா கேட்கிறார்கள்?" என்று சற்றுக் கடிந்தே கேட்டோம்.

"சாமி, அடுத்த முறை எங்கள் வீடு. முன்பெல்லாம் காப்பித் தண்ணியோடு போகும். இப்போது கேசரி, வடை என்று ஆகிவிட்டது. இருபத்தைந்து பேருக்கு நான் எங்கே போவேன்?"

நற்செய்தியைப் பகிரக் கூடிய வீடுகள், ஒன்றையொன்று விஞ்சும் பலகாரத்தால் ஒரு வீட்டின் கதவைச் சாத்திவிட்டன. பதிவேட்டில் அக்குடும்பத்திற்கு நேரே 'வரவில்லை' என்று நான்கு மாதமாக அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. எழுதியவரும் போய்ப் பார்க்கவில்லை. மேலொப்பமிட்ட நாமும் போய்ப் பார்க்கவில்லை.

(தெருவாரியாக அன்பியம் அமைக்கையில் சாதியும் உடன் வந்து பாயில் அமர்ந்துகொள்வது இதனினும் பெரிய புண். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

ஏழு படிகளில் ஆறாவது, வாசித்த வார்த்தையின் ஒளியில் இந்த வாரம் யாருக்கு என்ன செய்வது, யார் செய்வது, சென்ற வாரம் ஏற்றது நடந்ததா என்று ஆராய்வது. பெரும்பாலும் நேரமாகிவிட்டது என்று நாம் விழுங்கிவிடும் படி அதுவே. நடவு, களை எடுப்புக் காலங்களில் பெண்கள் பொழுது சாய்ந்து வீடு திரும்பி, உலை வைத்துவிட்டு வருகிறார்கள். எனவே கூட்டம் சுருக்கமாக இருக்கட்டும். பாடல் இரண்டு குறையட்டும். ஆறாம் படி குறைய வேண்டாம். ஆயினும் ஒரு வீட்டின் கடனையோ, பிள்ளையின் குடியையோ பெயர் சொல்லி மன்றாட்டாக்கிவிடாதீர்கள். செபத்தில் சொன்னது விடியுமுன் குளத்தங்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பொறுப்பாளர் காதில் விழுந்தது அவர் நெஞ்சோடு நிற்க வேண்டும்.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1975-இல் வெளியிட்ட நற்செய்தி அறிவிப்பு பற்றிய திருத்தூது ஊக்கவுரையின் 58-ஆம் பத்தியில், இத்தகைய சிறு சமூகங்களைத் திருச்சபையின் நம்பிக்கை என்று போற்றும்போதே, அவை தமக்குள் அடைபட்டுவிடலாகாது என்றும் எச்சரித்தார்.

அந்த ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலையே அவ்வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தார் என்று பின்னர் அறிந்தோம். அடுத்த கூட்டத்தில், இனி எவ்வீட்டிலும் தண்ணீர் தவிர வேறொன்றும் வழங்குவதில்லை என்றார், காரணம் கூறவில்லை. முதல் கூட்டத்தைத் தம் வீட்டிலேயே வைத்து, ஒரு குடம் தண்ணீர் வைத்தார். சிலர் முகம் சுளித்தனர். அதற்கடுத்த கூட்டம் அந்தப் பெண்மணியின் வீட்டில் நடந்தது.

ஆண்டு முடிவில் பங்குப் பேரவை கூடியபோது, அவர் வழக்கமான வருகைக் கணக்கை வாசிக்கவில்லை. கூட்டம் கலைந்த பின், நான்காக மடித்த ஒரு தாளை நம் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்பியத்திற்கு வாராதவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. மொத்தம் ஒன்பது. அவர்களுள் ஆறு பேரை, அப்பங்கிற்கு வந்து மூன்றாண்டுகள் ஆகியும், நாம் அறிந்திருக்கவில்லை.