டிராக்டரின் சைலன்சரை மாற்றினால் லாபமா?

டிராக்டரின் சைலன்சரைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் பொருத்தினால் இழுவை கூடும், டீசல் மிச்சமாகும் என்ற எண்ணம் விவசாயிகள் பலரிடம் உள்ளது. கையிலுள்ள பணத்தைப் பட்டறையில் கொடுக்குமுன் வரவு செலவு பார்ப்பது நல்லது.

டீசல் இஞ்சினின் சக்தி, பம்பு செலுத்தும் டீசலையும் அதை எரிக்கக் கிடைக்கும் காற்றையும் பொறுத்தது. நல்ல நிலையிலுள்ள சைலன்சரால் ஏற்படும் தடை சொற்பமே. அதை நீக்குவதால் உழவில் சொல்லும்படியான பலன் இராது, ஓசைதான் கூடும். 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையில் நாள்தோறும் 8 மணி நேரம் வேலை செய்பவருக்கு நாளடைவில் காது மந்தமாகும். இழந்த செவித்திறன் மீளாது. சைலன்சரில் தணியவேண்டிய தீப்பொறி வெளியே பறந்து களத்து வைக்கோலில் விழவும் கூடும்.

கரும்புகை வருகிறது என்றால் குற்றம் பெரும்பாலும் குழாயில் இல்லை. ஏர் கிளீனரில் அடைந்த தூசி, தேய்ந்த நாசில், அளவுக்கு மீறிய சுமை ஆகியவையே முக்கிய காரணங்கள். முதலில் இவற்றைச் சரிசெய்ய வேண்டும். டீசல் மிச்சமாவது இதில்தான்.

சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலோ, உள்ளே கரி அடைத்துக்கொண்டாலோ மாற்றத்தான் வேண்டும். அப்போதும் அந்த இஞ்சினுக்கென்று செய்யப்பட்டதையே வாங்க வேண்டும். 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகை விதி அமலில் உள்ளது. அவற்றின் புகைக்குழாயில் கை வைக்கவே கூடாது.

அழகுக்கும் ஆரவாரத்துக்கும் செலவிடும் பணத்தை நாசிலுக்கும் ஏர் கிளீனருக்கும் செலவிடுவதே விவசாயிக்கு லாபம்.