கருவியா முதற்பாடம்?

“ஆவணப்படம் எடுக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறோம், எங்கே தொடங்குவது?” என்று கேட்கும் இளைஞர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நல்ல கேள்வி; நாட்டுக்கு நலம் பயக்கும் கேள்வி. ஆனால் அவர்களுக்குக் கிடைக்கும் பதில் இருக்கிறதே, அதைத்தான் ஏற்க முடியவில்லை!

“முதலில் நல்ல காமிரா வாங்கு” என்கிறார் ஒருவர். “மூன்று லென்ஸாவது வேண்டும்” என்கிறார் மற்றொருவர். “ஒளியமைப்பைக் கற்றுக்கொள், மற்றவை தாமே வரும்” என்று முடிக்கிறார் மூன்றாமவர். யாரைப் படம் பிடிக்கப் போகிறாய்? ஏன் பிடிக்கப் போகிறாய்? பிடித்ததை அவரிடம் காட்டப் போகிறாயா? இந்த மூன்று கேள்விகளை எழுப்புவார் இல்லை. ஏர் வாங்கச் சொல்கிறார்கள், எருது வாங்கச் சொல்கிறார்கள். உழப்போகும் நிலம் யாருடையது என்று மட்டும் கேட்க மறுக்கிறார்கள்!

கருவியைப் பழிப்பது நம் நோக்கமன்று. எழுத்தாளனுக்குப் பேனா வேண்டும். படமெடுப்பவனுக்குக் காமிரா வேண்டும். ஆனால் பேனாவைப் பிடிக்கக் கற்றவனெல்லாம் எழுத்தாளன் ஆகிவிடுவதில்லையே! கருவியை இயக்கும் முறையைச் சில திங்களில் கற்றுவிடலாம். காணக் கற்பதும், காணப்படுவோருக்குப் பொறுப்பேற்கக் கற்பதும்தான் கடினம். அதுவே முதற்பாடம் என்கிறோம். அதைக் கடைசிப் பாடமாகத் தள்ளி வைத்ததன் விளைவை இந்தக் கலையின் வரலாறே எடுத்துரைக்கிறது.

“காமிரா பொய் சொல்லாது” என்பார்கள். உண்மை, காமிரா பொய் சொல்லாது. அதைப் பிடித்திருக்கும் கை சொல்லும்!

1895ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டு லியோன் நகரிலே லூமியேர் சகோதரர்கள் ஒரு படம் எடுத்தார்கள். தொழிற்சாலை வாயில் திறக்கிறது; உழைத்த மக்கள் வெளியே வருகிறார்கள்; ஒரு நிமிடங்கூட ஓடாத படம். அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் நாள், பாரிசிலே, கட்டணம் செலுத்தி வந்தோர் அதைத் திரையிலே கண்டு வியந்தனர். வியக்கத்தக்க செயல்தான், மறுப்பாரில்லை. ஆனால் நாம் கேட்பது இது: அந்தக் காமிரா யாருடையது? தொழிற்சாலைக்கு உரியவருடையது! அதன் எதிரே நடந்தவர் யார்? அவரிடம் கூலி பெற்றவர்! அந்தப் படத்துக்கு மூன்று வடிவங்கள் உண்டு. ஒன்றிலே ஒற்றைக் குதிரை வண்டி வருகிறது; மற்றொன்றிலே இரட்டைக் குதிரை வண்டி; இன்னொன்றிலே குதிரையே இல்லை. திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். முதலாளி “இன்னொரு முறை வாருங்கள்” என்றால் வரமாட்டோம் என்றா சொல்ல முடியும்? அந்த மக்கள் எத்தனை மணி நேரம் உழைத்தனர், என்ன கூலி பெற்றனர் என்பதைப் படம் சொல்லவில்லை. வாயில் திறந்தது, வாய் திறக்கவில்லை!

1922ஆம் ஆண்டுக்கு வருவோம். இராபர்ட் பிளாகர்ட்டி எடுத்த ‘நானூக் ஆப் த நார்த்’ வெளிவந்தது. வட கனடாவின் பனிவெளியிலே வாழும் இனுயிட் மக்களின் வாழ்க்கை. மென்மயிர்த் தோல் வாணிபம் செய்த ஒரு நிறுவனத்தின் பணம். இன்றும் ஆவணப்பட வகுப்புகளில் முதற்படமாகக் காட்டப்படுவது. அழகிய படந்தான். ஆயினும், அதன் நாயகருடைய உண்மைப் பெயர் நானூக் அன்று, அல்லாகரியல்லாக். துப்பாக்கி ஏந்தி வேட்டையாடி வந்த மக்களைப் பழைய ஈட்டியை எடுக்கச் சொன்னார் பிளாகர்ட்டி. வெளிச்சம் போதாதென்று பனிவீட்டைப் பாதியாகக் கட்டச் செய்து, அதற்குள்ளே குடும்பத்தை உறங்க வைத்தார். கிராமபோன் என்றால் என்னவென்று அறிந்திருந்த மனிதரை, அறியாதவர்போல இசைத்தட்டைக் கடித்துப் பார்க்கச் செய்தார். அரங்கிலே சிரிப்பு! யார் கண்டு யார் சிரித்தது? துப்பாக்கியும் கிராமபோனும் தெரிந்த மனிதரைக் ‘கபடமறியாக் காட்டு மனிதர்’ ஆக்கிச் சிரித்தார்கள்!

பிளாகர்ட்டியிடமும் கற்க வேண்டிய நல்ல பாடம் ஒன்று உண்டு. நேர்மைக்கு அதையும் சொல்ல வேண்டும். பிலிமைக் கழுவும் கருவியையும் திரையிடும் கருவியையும் அவர் பனிவெளிக்கே கொண்டு சென்றார். எடுத்த காட்சிகளை அம்மக்களுக்கே போட்டுக் காட்டினார். இந்தப் பாடத்தை விட்டுவிட்டு, பனிவீட்டைப் பாதியாக வெட்டும் பாடத்தை மட்டும் பற்றிக்கொண்டவர்கள்தாம் பின்னே வந்தவர்களுள் பலர்!

1935இல் இங்கிலாந்திலே ‘ஹவுசிங் பிராப்ளம்ஸ்’ என்றொரு படம் வந்தது. இலண்டனின் ஸ்டெப்னி பகுதிச் சேரிகளிலே வாழ்ந்த ஏழைகள், தம் வீட்டுக்குள்ளேயே நின்று, காமிராவை நோக்கித் தம் வாயாலேயே பேசினார்கள். எலித் தொல்லையைச் சொன்னார்கள். இடிந்த சுவரைச் சொன்னார்கள். அதுவரை திரையிலே நடமாடிய ஏழை அன்று பேசினார்! போற்றத்தக்க மாற்றம். எனினும், பணம் தந்தது சமையல் எரிவாயு விற்போரின் சங்கம். ஆகவே, புதிய அடுக்கு வீடுகள் எழுந்தால் துயர் தீரும் என்று படம் முடிகிறது. அந்தச் சேரி ஏன் உண்டாயிற்று, வாடகை யார் பைக்குப் போயிற்று என்று கேட்காமலே முடிகிறது. பணம் யாருடையது என்று பார்ப்பதும் அடிப்படைப் பாடந்தான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

நம் நாட்டுக் கதை என்ன? 1948இல் மத்திய அரசு ‘பிலிம்ஸ் டிவிஷன்’ என்ற பிரிவை அமைத்தது. அதன் படங்களைத் திரையரங்குகள் கட்டாயம் காட்ட வேண்டியிருந்தது. காட்டுவதற்கு வாடகையும் செலுத்த வேண்டியிருந்தது! பெரும்பாலான படங்களில் நாம் கண்டது என்ன? உழவர் உழுதார், தொழிலாளர் கல் சுமந்தார், அணை எழுந்தது. பேசியதோ, எங்கோ ஓர் அறையில் அமர்ந்திருந்த ஒரு குரல்! உழவர் மகிழ்ச்சியாக இருப்பதாக அந்தக் குரல் அறிவித்தது. உழவரைக் கேட்டவர் இல்லை. அதே பிரிவிலிருந்து 1967இல் எஸ். என். எஸ். சாஸ்திரி ‘ஐ ஆம் 20’ என்ற படத்தைத் தந்தார். விடுதலை பெற்ற 1947இல் பிறந்த இளைஞர்களைத் தேடிச் சென்று, அவர்களையே பேச விட்டார். நம்பிக்கையும் வந்தது, மனக்குறையும் வந்தது; நாடு பேசுவதுபோல் இருந்தது. அப்பிரிவு இன்று தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. பிரிவு போயிற்று, அந்த மேலிடத்துக் குரல் போயிற்றா? ஊரார் சொல்ல வேண்டியதையெல்லாம் தானே சொல்லி முடிக்கும் அந்தக் குரலை இன்றைய இளைஞர் பலரும் தம் முதற்படத்திலேயே பூட்டிக்கொள்கிறார்களே!

“அப்படியானால் தொழில்நுட்பமே வேண்டாமா?” என்று கேட்பார்கள். வேண்டும். ஆனால் அந்த நுட்பங்களையே எடுத்து ஆராயுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் மனிதனை மதிக்கும் பண்பு இருக்கக் காண்பீர்கள்.

ஒரு காட்சியைப் பத்து நொடியாவது அசைக்காமல் பிடி என்கிறார்கள். ஏன்? எதிரே இருப்பவர் தம் செயலைத் தொடங்கி முடிக்க நேரம் தர வேண்டும் என்பதற்காக. தொலைவிலிருந்து ஒன்று, இடைத்தூரத்தில் ஒன்று, அண்மையில் ஒன்று என எடு என்கிறார்கள். ஏன்? அழும் முகத்தை அண்மையில் காட்டினால் துயரம் தெரியும். தொலைவிலிருந்து காட்டினால்தான் குடிசையும், அதன் அருகே ஓடும் சாக்கடையும், அப்பால் நிற்கும் மாளிகையும் தெரியும். முகம் மட்டும் காட்டுபவன் கண்ணீரை விற்கிறான். இடத்தையும் காட்டுபவனே காரணத்தைச் சொல்கிறான்!

ஒலியைக் கவனி, பேசுவோரின் அருகே மைக்கை வை, காதிலே ஹெட்போன் அணிந்து கேட்டுக்கொண்டே பதிவு செய், யாரும் பேசாதபோது அந்த இடத்தின் ஒலியை அரை நிமிடம் தனியே பதிவு செய் என்பது அடுத்த பாடம். படம் சற்று மங்கினாலும் பார்ப்போர் பொறுப்பர். குரல் கேளாவிட்டால் பொறுக்கமாட்டார். எளியவரின் சொல்லைத் தெளிவாகக் கேட்கச் செய்வது வெறும் நுட்பமா? அது நீதி!

கேள்வி கேட்கும் முறைக்கு வருவோம். “வருத்தமாக இருக்கிறதா?” என்று கேட்பது கேள்வியன்று, விடையைத் தன் மடியிலே கட்டிக்கொண்டு வந்து, பிறர் வாயால் சொல்லச் செய்யும் வேலை. “அன்று என்ன நடந்தது?” என்று கேள். கேட்டபின் வாயை மூடிக்கொள். அவர் சொல்லி நிறுத்திய பின்னும் சற்றுப் பொறு. அந்த மௌனத்துக்குப் பின்னே வரும் சொல்லிலேதான் பெரும்பாலும் உண்மை இருக்கும்.

தொகுப்பு மேசைதான் கடைசிச் சோதனை. பத்து மணி நேரம் எடுத்ததை அரைமணி நேரமாகக் குறைக்கும்போது, ஒருவர் சொன்னதன் முன்னும் பின்னும் வெட்டி, ‘இல்லை’ என்றவரை ‘ஆம்’ என்று சொல்ல வைக்கலாம். யாரும் கண்டுபிடிக்க முடியாது. யாரும் கண்டுபிடிக்க முடியாத இடத்திலே நேர்மையாக இருப்பவனுக்கே இந்தத் தொழில் உரியது.

“வசதி இல்லையே, துணை இல்லையே” என்று சோர்வோருக்கு நம் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது. கோட்டையூர் ஏ. கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2ஆம் நாள், கப்பலில் செல்லும்போது, காந்தியாரைப் பற்றி ஒரு படம் உருவாக்க எண்ணினார். 26 வயதும் நிரம்பாத இளைஞர்! ஏறக்குறைய ஓர் இலட்சம் மைல் அலைந்து, பலர் பல நாடுகளில் எடுத்து வைத்திருந்த காட்சிகளைத் தேடிச் சேர்த்தார். 50,000 அடிப் பிலிமைத் திரட்டி, 12,000 அடியாகத் தொகுத்து, 1940இல் வெளியிட்டார். அவருக்கு முதலாக இருந்தது காமிராவா? தேடல்! ஆவணப்படக்காரன் முதலில் தேடுபவன். எடுப்பவன் ஆவது பிறகு.

படமெடுத்தவர் படமெடுக்கப்பட்டவருக்குப் பொறுப்பேற்றால் என்ன நடக்கும்? 1967இல் கனடாவின் போகோ தீவிலே நடந்தது. தீவின் மீனவர்களை வேறிடத்துக்குப் பெயர்க்கும் திட்டம் அரசின் கையில் இருந்த காலம். காலின் லோ என்பவர் அங்கே சென்று, இருபதுக்கு மேற்பட்ட சிறு படங்களை எடுத்தார். எடுத்ததை முதலில் அத்தீவு மக்களிடமே காட்டினார். அவர்கள் ஒப்பிய பின்பே வெளியாருக்குக் காட்டினார். ஓர் ஊரார் சொன்னதை அடுத்த ஊரார் திரையிலே கண்டனர். தம் துயரமே அவர்கள் துயரமும் என்று உணர்ந்தனர். கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர்; தீவிலேயே நிலைத்தனர். படம் ஒன்றே அவர்களைக் காத்தது என்று மிகைப்படுத்தமாட்டோம், காத்துக்கொண்டவர்கள் அவர்களே. ஆனால் அவர்களை ஒருவரோடொருவர் பேச வைத்தது அந்தப் படங்கள்.

இன்று ஒவ்வொரு சட்டைப் பையிலும் காமிரா இருக்கிறது. வெள்ளத்திலே வீடிழந்தவர்முன் அரிசிப் பையை நீட்டுமுன்னே காமிராவை நீட்டுகிறார்கள்! பிணத்தருகே கதறும் தாயிடம் “இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்கிறார்கள்! படிக்கத் தெரியாதவரிடம் அவர் அறியாத மொழியிலே அச்சிட்ட தாளில் கைந்நாட்டு வாங்கிக்கொண்டு, அதற்கு ‘ஒப்புதல்’ என்று பெயர் சூட்டுகிறார்கள்! இவர்களுக்குக் கருவி தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரியாதது முதற்பாடம்.

ஆகவே, இளைஞர்களே! காமிராவைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, முதல் வாரம் வெறுங்கையோடு செல்லுங்கள். அந்தத் தெருவிலே அமருங்கள், கேளுங்கள், பெயரை அறியுங்கள். ஏன் எடுக்கிறீர்கள் என்று அவர்கள் மொழியிலே சொல்லுங்கள். “வேண்டாம்” என்றால் எழுந்து வாருங்கள். “எடுக்கலாம்” என்றால் எடுங்கள். எடுத்ததைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர்கள் முகத்துக்கு நேரே காட்ட அஞ்சும் படத்தை உலகுக்குக் காட்ட உங்களுக்கு உரிமை இல்லை!