மூச்சு விடும் இறக்கை

மாமாக் கடையில் தே தாரிக் கலக்குபவர் பால் டின்னைத் திறக்கும் விதத்தைப் பார்த்திருப்பீர்கள். மேல்மூடியில் இந்தப் பக்கம் ஓர் ஓட்டை, எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்டை. பால் வருவது ஒன்றில்தான். மற்றது காற்று உள்ளே போக. அது இல்லாவிட்டால் பால் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும், கடையில் வரிசை நீண்டுவிடும்.

விமானத்தின் எரிபொருள் தொட்டிக்கும் அந்த இரண்டாவது ஓட்டை உண்டு. பள்ளி விடுமுறைப் பயணங்களைப் பற்றிய ஒரு வானொலித் தொகுப்புக்காகப் படிக்கப் போய், இந்த ஓட்டையிலேயே நான் சிக்கிக்கொண்டேன். தொகுப்பில் இதற்கு நாற்பது விநாடிதான் கிடைத்தது. மிச்சத்தை இங்கே கொட்டிவிடுகிறேன்.

விமானத்தில் எண்ணெய்க்கென்று தனிப் பீப்பாய் கிடையாது. பெரும்பாலான பயணிகள் விமானங்களில் இறக்கையின் உள்கூடுதான் தொட்டி. இணைப்புகளைக் கசியாமல் அடைத்துவிட்டு நேரடியாக அதற்குள்ளேயே நிரப்புகிறார்கள். பல விமானங்களில் இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே, பயணிகளின் காலடிக்குக் கீழே, நடுத்தொட்டி ஒன்றும் இருக்கும். அதைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

35,000 அடி உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் ஏறத்தாழ கால் பங்குதான். தொட்டியை இறுக மூடிக்கொண்டு அவ்வளவு உயரம் ஏறினால், உள்ளே மாட்டிய தரைக்காற்று சுமார் 11 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தகட்டை வெளியே தள்ளும். கார் டயருக்கு 30 அடிக்கிறோமே, இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆனால் இறக்கை அகலமானது. ஒரு சதுர மீட்டர் தகட்டில் 11 பிஎஸ்ஐ என்றால் ஏறத்தாழ 8 டன் சுமை. இறங்கும்போது கதை தலைகீழ். வெளிக்காற்று இறக்கையை உள்ளே நசுக்கப் பார்க்கும். இதற்கிடையில் என்ஜின்கள் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கின்றன. காலியாகும் இடத்தைக் காற்று நிரப்பியாக வேண்டும்.

அதனால் தொட்டிகளிலிருந்து குழாய்கள் இறக்கை நுனிப் பக்கம் போகின்றன. அங்கே சிறிய அறை ஒன்று, வழக்கமாகக் காலியாகவே இருக்கும். விமானம் திரும்பும்போது தளும்பி வரும் எண்ணெயை அது பிடித்து வைத்துத் திருப்பி அனுப்பும். அந்த அறையின் அடியில்தான் வெளிவாசல். அடுத்த முறை விமான நிலையக் கண்ணாடி வழியே பார்க்கும்போது, இறக்கை நுனிக்கு அருகே அடிப்பக்கத்தில் முக்கோணம் போன்ற சிறு பள்ளம் தெரிகிறதா என்று பாருங்கள். நாசாவின் முன்னோடி அமைப்பான என்ஏசிஏ 1940-களில் உருவாக்கிய வடிவம் அது. (ஃபெராரி எஃப்40 காரின் உடம்பிலும் அதே பள்ளங்கள் உண்டு, கார் பைத்தியங்களுக்காகச் சொல்கிறேன்.) எதிர்க்காற்று அதில் நுழைந்து, தொட்டிக்குள் வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலான அழுத்தத்தை வைத்திருக்கும். வாசல் அடைத்துக்கொண்டால் திறப்பதற்குத் தனி வால்வும் உண்டு.

எண்ணெய் ஊற்றும்போதும் இதே வழிதான் காப்பாற்றுகிறது. லாரியிலிருந்து வரும் குழாயில் அழுத்தம் 50 பிஎஸ்ஐ வரை போகும். தொட்டி நிறைந்ததும் வால்வு தானாக மூட வேண்டும். மூடாவிட்டால் மிஞ்சிய எண்ணெய் நுனி அறைக்கு ஓடி, வாசல் வழியாகத் தரையில் கொட்டும். விமானம் தாமதமாகும், எல்லாரும் முகம் சுளிப்பார்கள். ஆனால் இறக்கை பிளக்காது.

இவ்வளவு கவனமாக அழுத்தத்தைச் சமாளித்தவர்கள், உள்ளே போகும் அந்தக் காற்றையே வெகுகாலம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதில் 21 விழுக்காடு ஆக்ஸிஜன்.

நிறைந்த தொட்டியைவிட ஏறத்தாழ காலியான தொட்டியே ஆபத்தானது. அடியில் கொஞ்சம் எண்ணெய், மேலே முழுக்க ஆவியும் காற்றும். போதாததற்கு, பல விமானங்களில் குளிர்சாதன இயந்திரங்கள் நடுத்தொட்டிக்கு நேர் கீழே இருக்கின்றன. நமக்கு மேலே குளிர, தொட்டிக்கு அடியில் சுடும்.

1990 மே மாதம் மணிலாவில் பிலிப்பைன் ஏர்லைன்ஸின் போயிங் 737 புறப்படத் தயாராகும்போதே நடுத்தொட்டி வெடித்து 8 பேர் இறந்தனர். 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிஸ் கிளம்பிய டிடபிள்யூஏ 800, ஒரு போயிங் 747. அதற்கு முன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்சாதனம் ஓட, கோடை வெயிலில் நின்றிருந்தது. நடுத்தொட்டியில் இருந்தது சுமார் 190 லிட்டர் மட்டுமே. மேலே ஏற ஏற அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் எரிபொருள் ஆவி இன்னும் குறைந்த வெப்பத்திலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். கிளம்பிய 12 நிமிடத்தில் வெடித்தது. 230 பேர், ஒருவரும் தப்பவில்லை. குண்டு என்றார்கள், ஏவுகணை என்றார்கள். நான்கு ஆண்டு விசாரணைக்குப் பிறகு, தொட்டிக்குள் இருந்த ஆவி தீப்பற்றியதே காரணம் என்று அமெரிக்கப் புலனாய்வு வாரியம் முடிவுக்கு வந்தது. பொறி பெரும்பாலும் மின்கம்பிக் கோளாறிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றது. 2001 மார்ச்சில் பேங்காக்கில் நின்றுகொண்டிருந்த தாய் ஏர்வேஸ் 737-இலும் அதே நடுத்தொட்டி. பணியாளர் ஒருவர் இறந்தார். அன்றைய பிரதமர் தக்சின் அதில் ஏற இருந்ததால் அங்கேயும் முதலில் குண்டு என்றுதான் பேச்சு.

தீர்வு புதிதல்ல. சில ராணுவ விமானங்கள் முன்பே தொட்டிக்குள் நைட்ரஜனை அனுப்பிக்கொண்டிருந்தன. பயணிகள் விமானத்துக்கு அது அதிக எடை, அதிகச் செலவு என்று கணக்குப் போட்டுத் தள்ளிவைத்தார்கள். அமெரிக்காவில் விதி வந்தது 2008-இல், டிடபிள்யூஏ 800 வெடித்து 12 ஆண்டுகள் கழித்து. மணிலாவிலிருந்து எண்ணினால் 18. இதைப் பொறுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்றைய முறை எளிமையாகத்தான் இருக்கிறது. என்ஜினிலிருந்து எடுக்கும் காற்றை, உள்ளே துளையுள்ள மெல்லிய இழைக் கட்டுகளின் வழியாகச் செலுத்துகிறார்கள். ஆக்ஸிஜன் இழைச் சுவர் வழியே வெளியேறிவிடும், நைட்ரஜன் மிகுந்த காற்று தொட்டிக்குப் போகும். உள்ளே ஆக்ஸிஜன் 12 விழுக்காட்டுக்குக் கீழ் வந்துவிட்டால், பொறி விழுந்தாலும் வெடிக்க வாய்ப்பில்லை.

இதையெல்லாம் எங்கள் ஒலிக்கூடத்து அண்ணனிடம் சொன்னேன். "அப்படின்னா டேங்கை எப்பவும் ஃபுல்லா வச்சிட்டா வேலை முடிஞ்சதே?" என்றார். கிட்டத்தட்ட அப்படி ஒரு யோசனையைப் புலனாய்வு வாரியமே 1996 டிசம்பரில் சொல்லியிருந்தது. நைட்ரஜன் முறை வரும்வரை, நடுத்தொட்டியைக் காலியாக விடாமல் குறைந்தபட்ச எண்ணெயாவது வைத்துப் பறங்கள் என்றது. ஆனால் தேவைக்கு மேல் எண்ணெய் சுமந்தால், அந்தச் சுமைக்கே இன்னும் எண்ணெய் எரியும்.

"அந்தக் காசு யார் டிக்கெட்டுல ஏறும்?" என்று கேட்டுவிட்டு, விளம்பரத்தை ஓடவிட்டார் அண்ணன்.