மெஷின் பழுதென்றால் பயணி ஏன் இறங்க வேண்டும்?

2025 நவம்பர் 24ஆம் திகதி, மாகும்புர போக்குவரத்து மையத்தில் அமைச்சர் பிமல் ரத்நாயக்கவின் தலைமையில், பஸ் கட்டணத்தை வங்கி அட்டையால் செலுத்தும் முறை தொடங்கிவைக்கப்பட்டது. தெரிவு செய்யப்பட்ட சில வழித்தடங்களில்தான் முதற்கட்டம். அந்த வாரம் முடிவதற்குள் டித்வா சூறாவளி நாட்டைப் புரட்டிப் போட்டது. பல மாவட்டங்களில் மின்சாரமும் தொலைபேசியும் நாட்கணக்கில் இல்லாமற் போயின. அந்த நாட்களில் கையில் காசு வைத்திருந்தவரால்தான் பாண் வாங்க முடிந்தது, மருந்து வாங்க முடிந்தது, ஓடிய ஒன்றிரண்டு பஸ்களில் ஏற முடிந்தது. அட்டை முறையை நாடெங்கும் விரிக்கப் போகிறவர்கள் இந்த இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அட்டை முறையை நாம் வரவேற்கிறோம். கல்முனையிலிருந்து அறுகம்பே வரை நீளும் நமது கரையோரப் பாதைக்கும் அது தாமதமின்றி வர வேண்டும். 2025இல் குறைந்தபட்சக் கட்டணம் 27 ரூபாய். முப்பது ரூபாய் கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு மிச்சம் மூன்று ரூபாய் திரும்பி வந்தது? காலை நேரத்தில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால், கொண்டக்டர் டிக்கட்டின் பின்பக்கத்தில் மிச்சத் தொகையைப் பேனையால் எழுதித் தருவார். இறங்கும் அவசரத்தில் கேட்க மறந்தால் அந்தக் காசு போனதுதான். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வரும் மாணவர்களுக்கும், மருதமுனைக்குத் துணி எடுக்கப் போகும் பெண்களுக்கும் இது அன்றாடத் தொல்லை. அலைச்சறுக்குக் காலத்தில் அறுகம்பேக்கு வரும் வெளிநாட்டவர்களின் கதை இன்னொன்று. சரியான கட்டணம் தெரியாமல், கேட்டதைக் கொடுத்துவிட்டு, ஊரைப் பற்றி ஒரு கசப்போடு போகிறார்கள். தொகை அச்சாகி வரும் டிக்கட் அவர்களுக்கும் நல்லது, நம் ஊரின் பெயருக்கும் நல்லது.

ஆனால் மெஷின் ஒருநாள் நிற்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் நிற்கும். ஒவ்வொரு முறையும் வங்கியைக் கேட்டு, வங்கி சரி என்ற பிறகே டிக்கட் அச்சாகும் விதமாக அதை அமைத்தால், பற்றரி, சிம், கோபுரம், கம்பனியின் சேர்வர், வங்கியின் சேர்வர் ஆகியவற்றில் எது ஒன்று மக்கர் செய்தாலும் கட்டணம் எடுபடாது. கடற்கரையோர உப்புக் காற்றும் செம்மண் புழுதியும் வேறு. பொத்துவிலிலிருந்து லாகுகலைக் காட்டு வழியாகக் கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் கவரேஜ் கிடைக்கும் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்படி நிற்கும்போது நஷ்டம் யாருடையது என்பதுதான் நமது கேள்வி. பொத்துவிலிலிருந்து கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்குக் கிளினிக் வந்து மாலையில் திரும்பும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். மருந்துக் கடையில் கைக்காசு முடிந்துவிட்டது. கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய பணம் வங்கியில் இருக்கிறது. அட்டை கைப்பையில் இருக்கிறது. பஸ் அக்கரைப்பற்றைத் தாண்டிய பிறகு கொண்டக்டர் வந்து அட்டையை வைக்கிறார், எடுக்கிறார், துடைத்து மறுபடி வைக்கிறார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. “காசிருந்தா தாங்க உம்மா, இல்லாட்டி அடுத்த ஹோல்ட்ல இறங்குங்க” என்றால் அவர் என்ன செய்வார்? திருக்கோவில் கழிந்துவிட்டால் கோமாரி, சங்கமன்கண்டிப் பக்கம் நெடுந்தூரத்துக்கு வெளிச்சமில்லை. யானை நடமாடும் பகுதி. கொண்டக்டரைக் குறை சொல்லவும் முடியாது. வழியில் பரிசோதகர் ஏறினால் டிக்கட் இல்லாத பயணிக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மேல் மாகாணத்தில் 2025 ஒக்டோபர் முதல் பஸ்ஸில் டிக்கட் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. டிக்கட் இல்லாத பயணிக்குத் தண்டப்பணம். அதே விதி நாளை இங்கும் வந்தால், மெஷின் தராத டிக்கட்டுக்காக அந்தத் தாய் தண்டமும் கட்ட வேண்டிவரும்.

இதில் யாரும் வெளிப்படையாகப் பேசாத ஒரு விடயம் இருக்கிறது. தனியார் பஸ்களில் சாரதிக்கும் கொண்டக்டருக்கும் அன்றைய வசூலிலிருந்துதான் கூலி. டீசலும் அதிலிருந்துதான். அட்டையில் விழும் பணமோ முதலாளியின் வங்கிக் கணக்குக்குப் போய்ச் சேரும். மாலையில் வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டியவருக்கு அட்டையால் அன்று பயனில்லை. ஆகவே “மெஷின் வேலை செய்யுதில்ல” என்ற சொல், மெஷின் நன்றாக இருக்கும் நாளிலும் கேட்கும். அவர்களின் வயிற்றுப்பாட்டைக் கவனிக்காமல் இந்த முறையைக் கொண்டுவந்தால் பழுதாகும் மெஷின்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். அட்டை வசூலில் அவர்களின் பங்கு அன்றன்றே கையில் கிடைக்க வழி செய்யுங்கள். அதோடு, மெஷின் நின்றால் அந்தப் பயணத்துக்குக் கட்டணம் இல்லை என்று விதியுங்கள். பழுதின் நஷ்டம் பயணியின் தலையில் விழும்வரை அதைத் திருத்த எவருக்கும் அவசரம் இருக்காது. உரிமையாளரின் வசூலில் கை வைத்தால் மறுநாள் காலையே மெஷின் சரியாகும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத ஆசை என்று சொல்ல வேண்டாம். இந்தியாவின் தேசிய நெடுஞ்சாலைகளில் ஃபாஸ்டாக் அட்டையால் சுங்கம் வசூலிக்கிறார்கள். செல்லுபடியான அட்டையும் அதில் போதிய பணமும் இருந்து, சுங்கச்சாவடியின் கருவி பழுதானதால் வாசிக்க முடியாவிட்டால், வாகனத்தைக் கட்டணமின்றி விட வேண்டும், பூச்சியத் தொகைக்கு ஒரு ரசீதும் கொடுக்க வேண்டும் என்று 2018இல் அங்கே விதி திருத்தப்பட்டது. லொறிக்கும் காருக்கும் கிடைக்கிற அந்த உரிமை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவருக்குக் கிடைக்கக் கூடாதா?

லண்டனில் 2008 ஜூலையில் ஒய்ஸ்டர் அட்டை முறை இரண்டு வாரத்துக்குள் இரண்டு தடவை நின்றது. முதல் தடவை பல்லாயிரம் அட்டைகளே கெட்டுப்போயின. நிலையக் கதவுகளைத் திறந்துவிட்டுப் பயணிகளைப் போகவிட்டார்கள். 2014இல் அதே நகரத்து பஸ்களில் காசு வாங்குவது நிறுத்தப்பட்டபோது, அட்டையில் மீதி போதாதவரும் இன்னும் ஒரு பயணம் போகலாம், கடனை அடுத்த தடவை பணம் நிரப்பும்போது கழித்துக்கொள்வோம் என்று ஓர் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. அங்கே வங்கி அட்டையை வைத்ததும் மெஷின் வங்கியைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. தன்னிடமுள்ள தடை செய்யப்பட்ட அட்டைகளின் பட்டியலைப் பார்த்து ஆளை ஏற்றிவிட்டு, கணக்கைப் பின்னர் தீர்க்கிறது. நமது பாதைக்கும் அப்படிப்பட்ட மெஷின்தான் பொருந்தும். கவரேஜ் இல்லாத இடத்தில் கணக்கைச் சேமித்து வைத்து, கவரேஜ் வந்ததும் அனுப்பும் வசதி இல்லாத எதையும் கிழக்கு மாகாணத்துக்கு வாங்கக் கூடாது.

சிங்கப்பூரின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. பழைய ஈசி-லிங்க் அட்டைகளை நிறுத்திவிட்டு வயதுவந்த பயணிகளைப் புதிய முறைக்கு மாற்றப்போவதாக 2024 ஜனவரியில் அங்கே அறிவித்தார்கள். புதிய முறையில் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி என்பது நிலைய வாசலில் தெரியாது. கைத்தொலைபேசியில் பார்க்க வேண்டும். மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் முடிவதற்குள் அரசாங்கம் முடிவை மாற்றி, பழைய அட்டையைத் தொடர்ந்து நடத்த 4 கோடி சிங்கப்பூர் டொலரை மேலதிகமாக ஒதுக்கியது. செல்வம் மிகுந்த, இணையம் நிறைந்த ஊரிலேயே தன் காசு எவ்வளவு போனது என்று கண்ணால் பார்க்க மக்கள் கேட்டிருக்கிறார்கள். நிந்தவூர் விவசாயியும் சாய்ந்தமருது மீனவரும் கேட்பதும் அதுவே. கழித்த தொகை மெஷின் திரையிலும் டிக்கட்டிலும் தமிழில் தெரிய வேண்டும். எடுபடவில்லை என்ற செய்தியும் தமிழில் வர வேண்டும். ஒரே பயணத்துக்கு இரண்டு தடவை கழிந்துவிட்டால், வங்கிக்கும் பஸ் கம்பனிக்கும் இடையே பயணி நடையாய் நடக்கும் நிலை வரக் கூடாது. திருப்பிக் கொடுப்பதற்கு நாட்கணக்கில் கெடு வையுங்கள். தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 இலக்கத்தை அழைத்தால் தமிழில் முறைப்பாட்டை எடுத்துக்கொள்ள ஆள் இருக்கட்டும்.

பஸ் உரிமையாளர்களின் அச்சத்தையும் நாம் மதிக்கிறோம். லீசிங்கில் ஒரே ஒரு பஸ்ஸை எடுத்து ஓட்டுபவர் எத்தனை பேரை இலவசமாக ஏற்றுவார்? வங்கியோ மெஷின் கம்பனியோ தொலைபேசி நிறுவனமோ செய்த தவறுக்கு அவர் தண்டம் கட்டுவது நியாயமில்லை. பயணிக்கு உடனே பொறுப்பேற்பவர் அவராக இருக்கட்டும். பிறகு இழந்த கட்டணத்தை மெஷின் வழங்கிய நிறுவனத்திடமிருந்து வசூலிக்க ஒப்பந்தத்தில் இடம் வேண்டும். இலவசமாக ஏற்றிய பயணிக்குப் பூச்சிய டிக்கட் ஒன்றைக் கையால் எழுதிக் கொடுத்தால் இரு பக்கமும் கணக்கு நேராகிவிடும். பரிசோதகருக்கும் அதுவே பதில்.

காசு வாங்க மறுக்கும் பஸ் இந்தப் பாதையில் ஓடக் கூடாது. அஸ்வெசும நலன்புரிப் பணம் வங்கிக்கு வருகிறது என்பதால் எல்லாப் பெண்களிடமும் அட்டை இருக்கிறது என்று கொழும்பில் கணக்குப் போட வேண்டாம். மத்ரஸாவுக்கும் பள்ளிக்கும் போகும் பிள்ளைகளிடம் அட்டை எங்கே?

மாகாணத்துக்குள் ஓடும் பஸ்களின் பேர்மிட் கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையின் கையில். மாகாணம் கடந்து ஓடுவது தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கையில். மேடையில் சொல்லும் வாக்குறுதி பஸ்ஸுக்குள் செல்லாது. மெஷின் நின்றால் பயணியை இறக்க முடியாது என்ற ஒரு வரி பேர்மிட் நிபந்தனையிலேயே எழுதப்பட வேண்டும். இலங்கை போக்குவரத்துச் சபையின் கல்முனை, அக்கரைப்பற்று டிப்போக்களுக்கும் அதே நிபந்தனை பொருந்த வேண்டும். மெஷின் வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுமுன், மழை கொட்டும் டிசம்பர் மாதத்தில், கல்முனை–பொத்துவில் மாலை பஸ்ஸில் அந்த மெஷினை ஒரு முழு மாதம் ஓட்டிப் பார்த்து, எத்தனை தடவை நின்றது என்ற கணக்கை மக்களுக்கு வெளியிட வேண்டும் என்று நாம் கோருகிறோம்.