டி அண்ட் ஏ-ல உடம்புக்கும் ஒரு நாள் போடுங்க

1/ "டாக்டர், நேத்து நைட்டுதான் ஜெர்மனியில இருந்து வந்தேன். அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குதுங்க. ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தி விட்டீங்கன்னா அப்படியே கம்பெனிக்குப் போயிடுவேன்."
சாமளாபுரத்துல கிளினிக் வச்சிருக்குற எனக்கு இது பழகிப்போன வசனம். சுத்தி தறி, பக்கத்துலயே திருப்பூர். எங்க ஊர்ல இருந்து வெளிநாடு போறவங்க நிறைய. அவங்களுக்காக இந்த நீளமான த்ரெட்.

2/ முதல்ல அந்தப் பாட்டில் கணக்கு. 500 மில்லி, 5% குளுக்கோஸ்னா உள்ள இருக்குறது 25 கிராம். வீட்டு ஸ்பூன்ல அஞ்சு ஸ்பூன் சர்க்கரை. வாயால குடிக்க முடியுற மனுஷனுக்கு அதை ஊசி வழியா ஏத்தத் தேவையே இல்லை. உங்களுக்குக் குறைஞ்சது சர்க்கரை இல்லை, தூக்கம். அதை இன்னும் யாரும் பாட்டில்ல அடைச்சு விக்கல.

3/ விமானத்துல உடம்புக்கு என்ன ஆகுது? உள்ள இருக்குற காற்றழுத்தம் 6000 முதல் 8000 அடி உயர மலையில இருக்குற மாதிரி. ஊட்டி ஏறக்குறைய 7300 அடி. அதாவது ஊட்டி உயரத்துல, ஆனா 20 சதவீதத்துக்கும் குறைவான ஈரப்பதத்துல, ஒரே சேர்ல பத்து மணி நேரம். தொண்டை வறளும், வயிறு உப்பும், தலை கனக்கும். இதெல்லாம் நோய் இல்லை. எதிர்பார்க்க வேண்டிய விஷயம்.

4/ அடுத்தது உடம்புக்குள்ள இருக்குற கடிகாரம். அது சுமாரா ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் நகரும். மேற்கே போறது அதுக்குச் சுலபம், கிழக்கே திரும்புறது கஷ்டம். "போறப்ப நல்லாத்தான் இருந்தேன், ஊருக்கு வந்தப்புறம்தான் முடியல"ன்னு சொல்றீங்களே, காரணம் இதுதான். ஐரோப்பாவுல இருந்து வந்தா மறுநாள் காலை 9 மணிக்கு மேல அரை மணி நேரம் வெளிச்சத்துல நடங்க. நம்ம குளத்துக்கரை போதும். பகல்ல தூங்கினா 20 நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம்.

5/ இப்ப நான் எழுத உக்காந்த விஷயம். அடையாளம் தெரியாம சொல்றேன். ஒருத்தர், வயசு நாப்பத்தி சொச்சம், வருஷத்துக்கு ஏழெட்டு ட்ரிப் போறவர். வந்த ரெண்டாவது நாள் போன் பண்ணார். "இடது கெண்டைக்கால் மட்டும் வலிக்குதுங்க."
நான் வேற பேஷண்ட் பாத்துட்டு இருந்தேன். "நீட்டி மடக்காம உக்காந்திருப்பீங்க, வலி மாத்திரை ஒண்ணு போடுங்க"ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன்.

6/ அவர் தைலம் தேய்ச்சு நீவி விட்டுட்டு வேலைக்குப் போயிட்டார். சாம்பிள் அப்ரூவல் நிக்குதாம். ஆறாவது நாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி நடுவுலயே உக்காந்துட்டார். கோயம்புத்தூர்ல ஸ்கேன் பண்ணினா கால் ரத்தக்குழாய்ல கட்டி, அதுல ஒரு துண்டு நுரையீரல்ல. பிழைச்சுட்டார். அன்னிக்கு போன்ல "வீக்கம் இருக்கா?"ன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. அது என் தப்பு.

7/ இது விமானத்தோட வியாதி மட்டும் இல்லை, உக்காந்தே இருக்குறதோட வியாதி. 1940-ல லண்டன்ல குண்டுவீச்சுக்குப் பயந்து பதுங்குமிடங்கள்ல நாற்காலியில சாய்ஞ்சே ராத்திரி கழிச்சவங்க திடீர்னு இறந்தாங்க. பரிசோதிச்ச டாக்டர் கீத் சிம்ப்சன் நுரையீரல்ல ரத்தக்கட்டி இருந்ததைப் பதிவு பண்ணினார். கெண்டைக்கால் சதை ஒரு பம்ப் மாதிரி. நடந்தா ரத்தத்தை மேல தள்ளும். நடக்கலைன்னா ரத்தம் தேங்கும்.

8/ உலக சுகாதார நிறுவனம் 2007-ல வெளியிட்ட ஆய்வு: நாலு மணி நேரத்துக்கு மேல உக்காந்து பயணம் பண்ணினா இந்த ஆபத்து ஏறக்குறைய ரெண்டு மடங்கு. விமானம் மட்டும் இல்லை, பஸ், ரயில், காரும் சேர்த்துதான். பயப்படாதீங்க, ரெண்டு மடங்குன்னாலும் சுமார் 6000 பேர்ல ஒருத்தருக்குத்தான். ஆனா அடிக்கடி போறவர் அந்த லாட்டரிய அடிக்கடி வாங்குறார்.

9/ யாருக்கு ஆபத்து கூடுதல்? முன்னாடி கட்டி வந்தவங்க, சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்க, புற்றுநோய் உள்ளவங்க, கர்ப்பிணிகள், புதுசா பிரசவம் ஆனவங்க, கருத்தடை மாத்திரை எடுக்குறவங்க, உடல் பருமன் உள்ளவங்க. நீங்க இதுல ஒருத்தர்னா டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க. காலுறை வேணுமா, ஊசி வேணுமான்னு அவர் சொல்லட்டும். "எதுக்கும் ஒரு ஆஸ்பிரின்"னு நீங்களா போட்டுக்காதீங்க.

10/ மத்தவங்களுக்கு:
• ஜன்னல் சீட்டை விட்டு நடைபாதை ஓரத்து சீட் வாங்குங்க.
• மணிக்கு ஒரு தடவை எந்திரிங்க. முடியலைன்னா குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க.
• தண்ணி குடிங்க. ஓசியில தர்றாங்கன்னு சரக்கு வேண்டாம்.
• தூக்க மாத்திரை போட்டு எட்டு மணி நேரம் அசையாம கிடக்காதீங்க.
ராத்திரி பஸ்ல போற பெண்கள் பாத்ரூமுக்குப் பயந்து தண்ணியே குடிக்குறதில்லை. அது அவங்க தப்பில்லை. சுத்தமான கழிப்பறை உள்ள இடத்துல வண்டிய நிறுத்தாதவங்க தப்பு.

11/ சர்க்கரை உள்ளவங்க: இன்சுலினை கைப்பையில வைங்க. லக்கேஜ்ல போட்டா உறைஞ்சு வீணாகலாம். மேற்கே போனா நாள் நீளும், கிழக்கே வந்தா சுருங்கும். டோஸ் எப்படி மாத்தணும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்குங்க.

12/ இன்னொரு பயம். கொச்சியில இறங்கி, தூங்காம, தானே கார் ஓட்டிட்டு வாளையார் தாண்டி வர்றவங்க. தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருந்தா மூளை ரத்தத்துல 0.05% ஆல்கஹால் இருக்குற மாதிரி வேலை செய்யும்னு 1997-லயே ஆய்வு காட்டிடுச்சு. நம்ம சட்டத்துல வண்டி ஓட்ட எல்லையே 0.03%தான். குடிச்சுட்டு ஓட்ட மாட்டேன்னு சொல்ற நல்ல மனுஷங்க, தூக்கத்துல ஓட்டுறாங்க.

13/ என் கருத்து இதுதான். ஆர்டர் எடுத்ததுல இருந்து கப்பல் ஏத்துற வரைக்கும் எந்த வேலை எந்தத் தேதியில முடியணும்னு டி அண்ட் ஏ அட்டவணை போடுறோம். நூலுக்கு நாள், சாயத்துக்கு நாள், தையலுக்கு நாள். போயிட்டு வர்ற ஆளுக்கு மட்டும் நாளே கிடையாது. இறங்கின அன்னிக்கே மீட்டிங், திரும்பின அன்னிக்கே கம்பெனி.

14/ "சரிங்க டாக்டர், பையர் காத்திருப்பாரா?" காத்திருக்க மாட்டார். அதனாலதான் ஒரு நாள் முன்னாடி கிளம்பச் சொல்றேன். ஒரு ராத்திரி ரூம் வாடகை கூடும். தூக்கக் கலக்கத்துல ஒரு ஜிஎஸ்எம் தப்பாக் குறிச்சா ஆகுற நஷ்டத்தோட ஒப்பிட்டுப் பாருங்க, ஓனர்களே. நீங்க அனுப்புற மெர்ச்சண்டைசர் பையனால இதை வாய்விட்டுக் கேக்க முடியாது. நீங்கதான் குடுக்கணும்.

15/ கடைசியா, இதை மட்டும் மறக்காதீங்க. நீண்ட பயணம் முடிஞ்ச முதல் ரெண்டு வாரம்தான் ஆபத்து அதிகம், அதுக்கப்புறமும் சில வாரம் இருக்கும். ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா தைலம் தேய்க்காதீங்க, நீவி விடாதீங்க, அன்னிக்கே டாக்டரைப் பாருங்க. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமினா ரத்தம்னா 108. டாக்டர் போன்ல "மாத்திரை போடுங்க"ன்னு சொன்னா, "ஃப்ளைட்ல வந்தேங்க"ன்னு நீங்களே அழுத்திச் சொல்லுங்க.
நானா இருந்தாலும் சொல்லுங்க.