ஸ்டேன் சாமிக்கு மெழுகுவத்தி மட்டும் போதுமா?

ஒவ்வொரு வருஷமும் ஜூலை 5 வந்தா, பட்டணத்து நண்பர்கள் ஸ்டேன் சாமி பாதிரியார் படத்தை அனுப்புறீங்க. கீழே ஒரு மெழுகுவத்தி, பக்கத்துல 'அஞ்சலி'ன்னு ஒரு வார்த்தை. மறுநாள் வேற படம். சொர்ணவாரி கதிர் முத்துற நேரத்துல வரப்புல நின்னு அதைப் பார்க்கிற எனக்கு உங்களைக் கேக்க ஒரு கேள்வி இருக்கு. கோவிச்சுக்காதீங்க.

அவர் 1937ல திருச்சி மாவட்டம் விரகாலூர்ல பிறந்தவர். இயேசு சபைப் பாதிரியார். ஜார்கண்ட் போய் பழங்குடி மக்களோட வாழ்ந்தார். சுரங்கத்துக்கும் கம்பெனிக்கும் நிலம் தரமாட்டோம்னு நின்ன ஜனங்களை மாவோயிஸ்டுன்னு சொல்லி உள்ளே தள்ளினாங்க. கேஸ் நடக்காமலே வருஷக்கணக்கா ஜெயில்ல கிடந்தவங்களைப் பத்தி ஆட்களோட சேர்ந்து விசாரிச்சு, 2016ல அறிக்கை போட்டார். உயர் நீதிமன்றத்துக்கும் போனார். சீக்கிரம் விசாரிங்க, இல்ல ஜாமீன் கொடுங்கன்னுதான் கேட்டார்.

2020 அக்டோபர் 8ல அவரையே பீமா கோரேகான் வழக்குல பிடிச்சாங்க. வயசு 83. நடுக்குவாதத்தால டம்ளர் பிடிக்க முடியாத கை. உறிஞ்சு குழல் கேட்டதுக்குப் பதில் சொல்ல 20 நாள் அவகாசம் வாங்கினாங்க. 2021 மார்ச்சுல ஜாமீன் இல்லைன்னாங்க. ஜூலை 5ல உயர் நீதிமன்றம் ஜாமீன் மனுவை எடுக்கும்போது, அவர் செத்துட்டார்னு சேதி சொன்னாங்க. குற்றம் நிரூபிக்கலை. விசாரணையே ஆரம்பிக்கலை.

யாரும் கத்தியால குத்தலைதான். ஆனா மடையை அடைச்சுட்டு, பயிரு தானா காஞ்சுதுன்னு சொன்னா எங்க பாகூர்ல எவனும் ஒத்துக்கமாட்டான். அதனால நான் 'கொன்னாங்க'ன்னுதான் எழுதுவேன்.

இப்ப என் கேள்வி. அவரு யாருக்காகப் பேசினாரோ, அந்த ஆளு உங்க தெருவுல இல்லையா?

எங்க தெருவுல இருந்தான். நடவுக்கு, அறுப்புக்கு எங்க நிலத்துல வேலை செஞ்ச பையன். மோட்டார் ஒயரு திருட்டுல சந்தேகம்னு கூட்டிட்டுப் போனாங்க. ஜாமீன் கிடைச்சுது. ஆனா கையெழுத்துப் போட சொத்து வெச்சிருக்கிற ரெண்டு பேர் வேணும். அவன் சொந்தக்காரங்க யாருக்கும் பட்டா இல்லை. அவங்க அம்மா என் வாசல்ல வந்து, "நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்கய்யா"ன்னு நின்னாங்க. எனக்கு ரெண்டு காணி இருக்கு. பட்டா பெட்டியில இருந்துச்சு. "பார்க்கலாம்மா"ன்னேன். பார்க்கலை. நாலு மாசம் உள்ளே இருந்தான். கடைசியில கேஸ் நிக்கலை.

நானும்தான் குற்றவாளி. அதைச் சொல்லிட்டுத்தான் உங்களைக் கேக்குறேன்.

நம்ம நாட்டு ஜெயில்ல நாலு பேர் இருந்தா மூணு பேர் விசாரணைக் கைதி. பணக்காரனுக்கு ஜாமீன் ஒரு நாள் வேலை. ஏழைக்குப் பட்டா இல்லாததே தண்டனை. 2024 ஜூலையில வந்த புதுச் சட்டத்துல 479வது பிரிவைப் படிங்க. முதல் தடவை ஒரே கேஸ்ல மாட்டினவர், அதிகபட்சத் தண்டனையில மூணுல ஒரு பங்கை உள்ளே கழிச்சிருந்தா ஜாமீன்ல விடணும். தூக்கு, ஆயுள் தண்டனைக் குற்றத்துக்கு மட்டும் இது இல்லை. இது உள்ளே இருக்கிறவன் அம்மாவுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இலவச வக்கீல் எங்க கிடைப்பார்னும் தெரியும்.

"பாதிரியாருக்கு நீ ஏன்யா வக்காலத்து?"ன்னு கேக்குறவங்க வில்லியனூர் வந்து பாருங்க. திருக்காமீஸ்வரர் தேரை இழுத்த கைதான் மாதா கோயில்லயும் மெழுகுவத்தி ஏத்துது. பசிச்சவன் பக்கம் நின்னவரை எந்தச் சாமி ஆளுன்னு நாங்க கேக்கிறதில்லை.

மெழுகுவத்தி ஏத்துங்க, வேணாம்கலை. அதோட, சொத்துப் பத்திரம் வெச்சிருக்கிறவங்க வருஷத்துக்கு ஒரு ஏழைக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுங்க. ஓடிப்போயிடுவானோன்னு பயமா இருக்கா? எனக்கும் இருக்கு. இருந்தும் பட்டாவை நகல் எடுத்து வெச்சிருக்கேன். அடுத்த தடவை எந்த அம்மாவாவது வாசல்ல வந்து நின்னா 'பார்க்கலாம்'னு சொல்லமாட்டேன்.